எண்ணப்பட்டவர்கள் எண்ணத் தொடங்கியபோது

நகரத் திட்டமிடல் என்று சொன்னதுமே அது இன்ஜினியர்கள், அதிகாரிகள் பேசிக்கொள்கிற விஷயம், நமக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை என்று நம்ம ஆளுங்க ஒதுங்கிப் போயிடறோம். ஆனால் இந்த நாட்டில் திட்டமிடலின் முழு வலியையும் உடம்பில் வாங்கியவர்கள் நாம்தான். ரெட்டிபாளையம் மாதிரி, பேரிலேயே ஒரு சாதியின் பேரைச் சுமந்துகொண்டிருக்கிற எத்தனையோ ஊர்கள் அரியலூர், பெரம்பலூர்ச் சீமையில் இருக்கின்றன. இந்தச் சீமையில் எந்த ஊரில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். தேர் எந்தத் தெருமுனையில் திரும்பும், பொணம் எந்த வரப்பு வழியாகப் போகும், மழைத்தண்ணி எந்தப் பக்கம் வடியும், எல்லாம் முன்கூட்டியே யோசித்துப் போட்டதுதான். காகிதத்தில் வரையப்படாத வரைபடம் அது. அதை மீறினவன் உதை வாங்குவான், அவன் குடிசை எரியும். அப்படியானால் ஊர் என்பதே ஒரு திட்டம். அதைப் போட்டது யார் என்பது ஒன்றுதான் கேள்வி.

1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தைக் கிழித்துப் பேசியபோது பலருக்கு அது உறைத்தது. கிராமத்தைக் கோயிலாக்கி வைத்திருந்தவர்களுக்கு உறைக்கத்தானே செய்யும். அதற்கு முன்பே நம்ம சனங்க தங்கள் கால்களால் அதே தீர்ப்பைச் சொல்லியிருந்தார்கள். வடஆற்காட்டுச் சேரிகளிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். திருநெல்வேலிச் சேரிகளிலிருந்து பம்பாய்த் தோல்கிடங்குகளுக்குப் போனார்கள். இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறினார்கள். நகரத்தில் சாதி செத்துப்போகும் என்று நம்பினார்கள். சாகவில்லை. ஆனால் ஊரில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது. ஒரே சந்தில் நெருக்கியடித்து வாழ்கிற ஆயிரக்கணக்கான பேர், தங்களைத் தாங்களே எண்ணிப் பார்க்கிற வாய்ப்பு அது. தமிழில் எண்ணுவது என்றால் கணக்கிடுவது, எண்ணுவது என்றால் சிந்திப்பது. இந்தக் கட்டுரை அந்த இரண்டு எண்ணுதலும் சேர்ந்த ஒரு வரலாற்றைப் பற்றியது.

சாலை போட்டவர்களின் கதை

1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. நோயின் காரணம் ஏழைகள் வாழ்கிற சந்துகள்தான் என்று வெள்ளைக்காரன் முடிவு கட்டினான். 1898இல் பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட் என்று ஒன்றை உண்டாக்கினான். அது நெரிசலான குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு அகலச் சாலைகளைப் போட்டது. கடல்காற்று உள்ளே வரணும், வண்டி தடையில்லாமல் போகணும் என்றார்கள். காற்றும் வந்தது, வண்டியும் போனது. அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள்? தொடக்க ஆண்டுகளில் டிரஸ்ட் இடித்த அளவுக்குக் கட்டவில்லை. வீடு போனவர்கள் பக்கத்துச் சந்தில் போய் இன்னும் நெருக்கிக்கொண்டார்கள். நெரிசலைக் குறைக்கப் போட்ட சாலை நெரிசலைத் தள்ளிவைத்தது, அவ்வளவுதான். டிரஸ்ட் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகளில் ஒன்றில், பரேலில், அம்பேத்கர் இருபதாண்டுகளுக்கு மேல் குடியிருந்தார் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சாலையின் கதையை எழுதியவர்கள் அந்த அறைகளுக்குள் இருந்து பார்த்து எழுதவில்லை.

இதே முறை சரியில்லை என்று அந்தக் காலத்திலேயே ஒரு வெள்ளைக்காரர் சொன்னார். ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெடஸ். 1914-15இல் சென்னை மாகாணத்தில் தஞ்சாவூர், மதுரை போன்ற ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். நெரிசலான தெருவை இடித்து நேர்ச்சாலை போடுவது செலவும் கொடுமையும் பிடித்த வேலை, அங்கங்கே கொஞ்சம் திறந்துவிட்டு, பழுது பார்த்து, இருக்கிறவர்களை இருக்கிற இடத்திலேயே வைத்துச் சரிசெய்யலாம் என்பது அவர் வாதம். நல்ல வாதம்தான். ஆனால் இருக்கிற இடத்திலேயே வைப்பது என்றால் சேரியைச் சேரியாகவே வைப்பதா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. நிபுணர் நல்லவராக இருந்தாலும் திட்டம் மேலேயிருந்துதான் வந்தது.

தங்கவயலில் இருந்து வந்த தச்சர்

கோலார் தங்கவயல் தமிழ்த் தலித் வரலாற்றில் தனி அத்தியாயம். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தம் வேர்பிடித்த மண் அது. அந்தத் தங்கவயலில் 1940களின் நடுவில் பிறந்த தமிழர் ஏ. ஜோக்கின் அற்புதம். 1960களின் தொடக்கத்தில் பிழைப்புத் தேடி பம்பாய் போனார். தச்சு வேலை. படுக்க இடமில்லை. மான்கூர்ட் பக்கம் ஜனதா காலனியில் ஒதுங்கினார். அந்தக் காலனியே ஏற்கெனவே நகரத்துக்குள்ளிருந்து துரத்தப்பட்டவர்களை மாநகராட்சி கொண்டுபோய்க் கொட்டிய இடம். பக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் வளர்ந்தது. அதற்கு நிலம் வேண்டியிருந்தது. ஒருமுறை துரத்தப்பட்டவர்களை மறுபடி துரத்தத் திட்டம் போட்டார்கள்.

ஜோக்கின் அங்கே செய்த முதல் காரியங்களில் ஒன்றைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். காலனியில் குப்பை மலைபோல் கிடந்தது, மாநகராட்சி அள்ளவில்லை. சிறுபிள்ளைகளைச் சேர்த்து, ஆளுக்குக் கொஞ்சமாகக் குப்பையைக் கட்டித் தூக்கிக்கொண்டுபோய் மாநகராட்சி அலுவலக வாசலிலேயே கொட்டினார்கள். அதன்பிறகு அதிகாரிகள் பேச வந்தார்கள். மனு கொடுத்து அலுத்துப்போன சனம் கண்டுபிடித்த மொழி இது. பிறகு வழக்கு, ஊர்வலம், தில்லிவரை பயணம் என்று போராட்டம் பல ஆண்டுகள் நடந்தது. 1974வாக்கில் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு உருவானது. நெருக்கடிநிலை வந்தது. 1976 மே மாதம் பெரும் போலீஸ் படையோடு வந்து ஜனதா காலனியை இடித்தார்கள். சுமார் 70,000 பேர் வாழ்ந்த இடம் தரைமட்டமானது. சனங்களைச் சீத்தா கேம்ப்பில் கொண்டுபோய்விட்டார்கள். இன்றைக்கும் சீத்தா கேம்ப்பில் தமிழ்க்குரல் கேட்கும்.

தோற்றுப்போன போராட்டம்தான். ஆனால் அந்தத் தோல்வியில் ஒரு பாடம் இருந்தது. அதே 1976 சனவரியில்தான் மகாராஷ்டிர அரசு குடிசைப்பகுதிகளை ஒரே நாளில் கணக்கெடுத்து, போட்டோ ஒட்டிய அட்டை கொடுத்தது. அட்டை இருந்தால் நீ இருக்கிறாய், இல்லாவிட்டால் நீ இல்லை. அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தவன், ஊருக்குப் போயிருந்தவள், மாடிப்பொந்தில் வாடகைக்கு இருந்தவன் எல்லாம் அந்தக் கணக்கில் விட்டுப்போகக்கூடியவர்கள். நம்மை எண்ணுகிறவன் நம்மை இல்லாமலும் ஆக்க முடியும். அப்படியானால் எண்ணுகிற வேலையை நாமே செய்தால் என்ன?

சனங்களே எடுத்த கணக்கு

1981இல் பம்பாய் நடைபாதைவாசிகளை மழைக்காலத்தில் அள்ளிக்கொண்டுபோய் ஊருக்கு ஏற்றிவிட அரசு கிளம்பியது. வழக்கு உச்சநீதிமன்றம் போனது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டம் படிக்கிற மாணவர்களுக்குத் தெரியும். 1985 சூலையில் தீர்ப்பு வந்தது. உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. கூடவே, முறையாக அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது. வலது கையால் கொடுத்து இடது கையால் வாங்கிக்கொண்ட தீர்ப்பு.

அதே ஆண்டு, முந்தைய ஆண்டு தொடங்கப்பட்டிருந்த ஸ்பார்க் என்ற அமைப்பு பைக்குல்லா வட்டாரத்து நடைபாதையில் சுமார் 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்தது. நேற்று வந்த வந்தேறிகள் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. கணக்கு வேறு சொன்னது. பலர் பல ஆண்டுகளாக அதே நடைபாதையில் இருந்தவர்கள், நகரத்துக்கு அருகிலேயே கூலிக்குப் போகிறவர்கள். அங்கிருந்த பெண்களைக் கொண்டு 1986இல் மகிளா மிலன் உருவானது. கூட்டமைப்பும் ஸ்பார்க்கும் மகிளா மிலனும் சேர்ந்து நடந்தன.

முறை எளியது. சந்து சந்தாகப் போக வேண்டும். கதவில் சாக்கட்டியால் எண் போட வேண்டும். யார் இருக்கிறார்கள், எத்தனை நாளாக, என்ன வேலை, குழாய் எங்கே, கக்கூஸ் எங்கே என்று கேட்டு எழுத வேண்டும். கையாலேயே படம் போட வேண்டும். எழுதினதைச் சனங்கள் கூடியிருக்கிற இடத்தில் படித்துக் காட்டித் திருத்த வேண்டும். இந்தக் கடைசிக் காரியம் முக்கியம். சர்க்கார் எடுக்கிற கணக்கை யாரும் தெருவில் படித்துக் காட்டுவதில்லை.

இப்போது தாராவிக்கு வருவோம். மீன்பிடிக்கும் கோலிகளின் குப்பமாக இருந்த இடம். சௌராஷ்டிரத்துக் குயவர்கள் வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்கள் தோல் பதனிடும் தொழிலை நடத்தினார்கள், தோலை ஊறவைத்துச் சுரண்டிய கைகளில் நம்ம ஆதிதிராவிடர் கைகள் ஏராளம். எந்தத் தோல் ஊரில் நம்மைத் தீட்டாக்கியதோ அதே தோல் பம்பாயில் கூலி கொடுத்தது. ஆதிதிராவிட மகாஜன சங்கம் என்று அமைப்பும் கட்டினார்கள். 1960களின் கடைசியில் சிவசேனை தென்னிந்தியர்களை விரட்டக் கிளம்பியபோதும் அவர்கள் நகரவில்லை. சதுப்பு நிலத்தில் மண்ணையும் கழிவையும் போட்டு மேடாக்கி, அதன்மேல் தங்கள் காசில் தங்கள் கையால் கட்டிய ஊர் அது. அந்த நிலத்தை நிலமாக்கியது யார் என்பதை எந்தப் பட்டாவும் சொல்லாது.

1985 டிசம்பரில் காங்கிரஸ் நூற்றாண்டு விழாவுக்குப் பம்பாய் வந்த ராஜீவ் காந்தி நகரத்துக்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் 37 கோடி தாராவிக்கு. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையில் குழு. தாராவியில் சுமார் 55,000 குடும்பங்கள் இருப்பதாகவும், எல்லோரையும் அங்கேயே வைக்க முடியாது, ஒரு பகுதியை வெளியே அனுப்ப வேண்டும் என்றும் திட்டம் உருவானது. யார் அந்த ஒரு பகுதி? சொல்லவா வேண்டும்.

1986இல் கூட்டமைப்பு தானே கணக்கெடுத்தது. 1,06,000 குடும்பங்கள், 5,30,000 பேர் என்று வந்தது. சர்க்கார் கணக்கைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதாவது திட்டம் போட்டவர்களின் காகிதத்தில் பாதித் தாராவி இல்லவே இல்லை. இந்த ஒரு எண்ணிக்கைதான் மக்கள் திட்டத்தின் அடித்தளம்.

கணக்குக்கு அடுத்தது வீடு. இன்ஜினியர் வரைந்த வீட்டில் சோறாக்கலாம், தூங்கலாம். ஆனால் சேரிக்காரி வீட்டில் பீடி சுற்றுவாள், முறுக்குச் சுடுவாள், தைப்பாள். அதற்கெல்லாம் இடம் எங்கே? மகிளா மிலன் பெண்கள் சேலையையே அளவுகோலாகப் பிடித்துத் தங்களுக்கு வேண்டிய வீட்டைத் தரையில் அளந்து பார்த்தார்கள். ஆளுயர மாதிரி வீடுகளைக் கட்டிக் கண்காட்சி வைத்தார்கள். தரைப்பரப்பு கிடைக்காது என்று தெரிந்தது, அதனால் உயரத்தைக் கேட்டார்கள். 14 அடி உயரம் இருந்தால் உள்ளே ஒரு பரண் போட்டுக்கொள்ளலாம், மேலே பிள்ளைகள் படிக்கலாம், கீழே வேலை நடக்கும். தாராவியில் மார்க்கண்டேயா கூட்டுறவுச் சங்கத்தார் இந்த 14 அடிக் கணக்கிலேயே கட்டினார்கள். கடன், அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் அலைக்கழித்ததில் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. ஏழை போட்ட திட்டத்துக்கு வங்கி சீக்கிரம் கதவு திறக்காது.

அரசுத் திட்டத்தில் உருப்படியாக நடந்தது சாலை வேலையும் வடிகால் வேலையும்தான். தொண்ணூறு அடிச் சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வண்டி போக மட்டும் இருக்கிற சாலை இல்லை. இட்லிக்கடை, தோல்பைக் கடை, தமிழ்ப் பத்திரிகை, கட்சிக் கொடி, கோயில் எல்லாம் அதை ஒட்டியே. பொங்கலன்று தமிழ்ப்பெண்கள் அந்தச் சாலையிலேயே வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைக்கிறார்கள். ஊரில் தேரோடும் வீதியில் நடக்கவே விடாதவர்களின் பேத்திகள் நகரத்தின் நடுச்சாலையில் பொங்கல் வைக்கிறார்கள். ஒரு சாலைக்கு உயிர் கொடுப்பது என்றால் அதுதான். கடையை அப்புறப்படுத்தி, கல் பதித்து, விளக்கு மாட்டுவதை உயிர்ப்பித்தல் என்று சொல்கிறவர்கள் அந்தச் சாலையில் வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நமக்குள்ளேயே கேட்க வேண்டியவை

இதை வெற்றிக்கதையாக மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. 2000ஆம் ஆண்டில் ரயில் பாதையோரக் குடிசைகளை இடித்தபோது கூட்டமைப்பு தலையிட்டது. தான் எடுத்து வைத்திருந்த பட்டியலை வைத்தே, போலீஸ் தடி இல்லாமல், சுமார் 60,000 பேரை மாற்று இடங்களுக்குக் கொண்டுபோனது. உலகமே பாராட்டியது. அந்த ஆண்டு ஜோக்கினுக்கு மகசேசே விருது கிடைத்தது, 2011இல் பத்மஸ்ரீ. ஆனால் பம்பாயில் மறுகுடியமர்த்தலுக்கென்று எழுந்த அடுக்குமாடிகளில் காற்றும் வெளிச்சமும் இல்லாமல் காசநோய் பெருகுகிறது என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. அடி வாங்காமல் போனோம் என்பது ஆறுதல். போய்ச் சேர்ந்த இடம் எப்படி என்பது வேறு கேள்வி.

இன்னொரு கேள்வி நமக்கே உரியது. குடிசைவாசி, நகர்ப்புற ஏழை என்ற சொற்களுக்குள் சாதி மறைந்துவிடுகிறது. தாராவியிலேயே ஊர்வாரியாக, சாதிவாரியாகத் தெருக்கள் பிரிந்திருப்பதை அங்கே போய்வந்த எல்லோரும் அறிவார்கள். வீட்டுக்காரன் குரல் கூட்டத்தில் கேட்கும், வாடகைக்காரன் குரல் கேட்காது. கடை வைத்திருப்பவன் பேசுவான், கக்கூஸ் கழுவுகிறவள் பேசமாட்டாள். சமூகமே முன்நின்று போடும் திட்டம் என்கிறார்கள். எந்தச் சமூகம்? சமூகம் என்ற சொல்லை ஒரே உடம்பாகப் பாவிக்கிற எந்தத் திட்டமும் கடைசியில் அந்த உடம்பின் தலைக்குத்தான் உதவும். எண்ணுகிற கைகளிலும் நம் கைகள் எத்தனை என்று எண்ணியாக வேண்டும். இது கூட்டமைப்பைக் கொச்சைப்படுத்தச் சொல்வதில்லை. அவர்கள் தொடங்கிய கணக்கை முடிக்கச் சொல்வது.

மறுபடி எண்ணுகிறார்கள்

2004இல் தாராவியை மொத்தமாக இடித்துக் கட்டும் திட்டத்துக்கு மகாராஷ்டிர அரசு ஒப்புதல் கொடுத்தது. 2007இல் தாராவியை ஐந்து துண்டாக்கி உலகத்துக்கே டெண்டர் விட்டது. குடும்பத்துக்கு 225 சதுர அடி, சுமார் 57,000 குடும்பங்கள் என்றார்கள். இருபது ஆண்டுக்கு முன் சனங்கள் எண்ணிய கணக்கை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். தாராவி கறுப்புக்கொடி ஏந்தி ஊர்வலம் போனது. எங்களோடு சேர்ந்து செய்யுங்கள், இல்லையென்றால் எதிர்ப்பைச் சந்தியுங்கள் என்று ஜோக்கின் பகிரங்கக் கடிதம் எழுதினார். அரசே நியமித்த நிபுணர் குழுவும் 2009இல் இது நாகரிகமான நிலப்பறிப்பு என்கிற பொருளில் எழுதியது. டெண்டர் விழுந்தது.

2018 அக்டோபரில் ஜோக்கின் இறந்தார். 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. 2024 மார்ச்சில் வீடுவீடாக அளவெடுப்பு தொடங்கியது. 2000 சனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி. பிறகு வந்தவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் தாராவிக்கு வெளியே, அதுவும் காசு கொடுத்தோ வாடகை கட்டியோ. அதாவது தேதியும் ஏணிப்படியும் மனிதரைத் தகுதியுள்ளவர், தகுதியற்றவர் என்று பிரிக்கின்றன. தகுதி என்ற சொல் நமக்கு ரொம்பப் பழகின சொல். கதவில் எண் எழுத வருகிறவரைத் தாராவிச் சனம் சந்தேகத்தோடு பார்ப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது இருக்கிற இடத்திலேயே அடுக்குமாடி கட்டினார்கள். 2000த்துக்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் விளிம்புக்குத் தள்ளினார்கள். 2021இல் வாரியத்தின் பெயரில் இருந்த குடிசை மாற்று என்ற சொல் போனது, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. கூவம் ஓரத்தில் இருந்தவளுக்கு வேலை நகரத்துக்குள், வீடு இருபது கிலோமீட்டருக்கு அப்பால். ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய வரைபடத்தை மாநகரத்தின் அளவுக்குப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள்.

அரியலூர் வட்டாரத்துக்கு இது தூரத்துக் கதை இல்லை. ஒருகாலத்தில் கடலாக இருந்த இந்தப் பூமியின் சுண்ணாம்புக்கல், ரெட்டிபாளையத்திலும் சுற்றிலும் இருக்கிற ஆலைகளில் சிமெண்டாகி, ஊர் ஊராக மாடிகள் எழுப்பப் போகிறது. லாரி ஓடுகிறது, சாலை அகலமாகிறது, சுரங்கம் விரிகிறது. சாலையோரத்து டீக்கடை, சேரிக்குப் போகிற மண்பாதை, மேய்ச்சல் பொறம்போக்கு, சுடுகாட்டு வழி, இவையெல்லாம் யார் கணக்கில் இருக்கின்றன? 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலையை எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. நிலம் காகிதத்தில் வந்தது, கைவிட்டுப் போனது. 1994இல் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டதற்காக ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். எந்தச் சர்வே எண் நம்முடையது என்பதை நாமே தேடித் தெரிந்துகொள்ளாததன் விலை அது.

ஆகவே மாணவத் தோழர்களுக்கும் களத்தில் நிற்கிறவர்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. அளக்க வருகிறவன் டேப்பைப் பிடித்துக்கொண்டு வருவதற்கு முன்னால் நாம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும். எத்தனை வீடு, எத்தனை குடித்தனம், பட்டா யார் பேரில், வாடகைக்கு யார், தனியாக இருக்கிற கிழவி யார், தண்ணி எங்கே நிற்கிறது, பாதை எங்கே அடைபட்டிருக்கிறது, எது பஞ்சமி, எது நத்தம். எழுதினதைச் சேரி நடுவில், பெண்கள் இருக்கிற நேரத்தில், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி படிக்க வேண்டும். தப்பு இருந்தால் அங்கேயே திருத்த வேண்டும். ஒரு பிரதி சேரியிலேயே இருக்க வேண்டும். அந்த நோட்டு இருக்கிற சேரியில், இங்கே யாரும் இல்லை என்று எந்த அதிகாரியும் எழுதிவிட்டுப் போக முடியாது.